கேட்டமரான் அலைச்சுமை: நேரடிக் கணக்கு ரூல் மதிப்பில் பாதிகூட வரவில்லை, ஏன்?

காட்பாடி_டிசைன்:
32 மீ அலுமினிய கேட்டமரான் (இரட்டை ஹல், அதாவது இரட்டை உடற்கூடு கொண்ட படகு), 120 டன், இரண்டு ஹல்லின் மையக்கோடுகளுக்கு நடுவே 8 மீ. ஏ.பி.எஸ். (அமெரிக்கக் கப்பல் தரச்சான்று அமைப்பு) ரூல் ஃபார்முலாவில் (2.5 × டன் × இடைவெளி × (1 + முடுக்கம்)) முடுக்கம் 1 ஜி போட்டால் குறுக்கு மொமென்ட் (ஹல்களை இணைக்கும் அமைப்பைக் குறுக்கே வளைக்கும் திருப்புவிசை) 4,800 கிலோநியூட்டன்-மீட்டர். சாஃப்ட்வேரில் பக்கவாட்டு அலைக்கு அதிர்வெண்ணை 0.2 முதல் 1.2 ரேடியன்/நொடி வரை ஓட்டி, 1,000 அலையில் வரும் உச்சத்துக்கு 3.72 சிக்மா (திட்ட விலக்கம்) எடுத்தேன். பாதிகூடத் தேறவில்லை. எதை நம்புவது? (தண்ணியில்லாத ஆத்து ஊர்க்காரனுக்கு அலை எதுக்குன்னு கேட்காதீங்க.)

ஹல்_கணக்கு:
1.2-ல் நிறுத்தியதுதான் சிக்கல் சார். இரண்டு ஹல்லையும் எதிரெதிரே பிளக்கிற விசை, அலைநீளம் இடைவெளியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருக்கும்போதுதான் உச்சம். உங்களுக்கு 16 மீ. ஆழ்கடலில் நீளம் = 1.56 × பீரியட் வர்க்கம், ஆக 3.2 நொடி, அதாவது 1.96 ரேடியன்/நொடி. உங்கள் ரன் அந்த உச்சத்தைத் தொடவே இல்லை. 2.5 வரை ஓட்டுங்க, 1.6–2.2 நடுவில் 0.05 படியாக. 2.5-ல் அலைநீளம் 10 மீட்டர்கூட இல்லை, பேனல் (கணக்குக்காக ஹல் பரப்பைப் பிரிக்கும் துண்டு) 1.2 மீட்டருக்குள் இருக்கணும்.

ஹல்களுக்கு நடுவே தண்ணீர் தளும்பும் ரெசொனன்ஸில் ஊசிபோல ஒரு உச்சம் வரும். பொட்டென்ஷியல் கணக்கில் பாகுத்தன்மை கிடையாது, அதனால் அது மிகை. அங்கே டாம்பிங் லிட் (தளும்பலைத் தணிக்கக் கணக்கில் நீர்ப்பரப்பின்மேல் வைக்கும் கற்பனை மூடி) போடுங்க.

3.72 சிக்மாவை அந்த 1,000 அலைக்குள்ளேயே தாண்ட 63% வாய்ப்பு உண்டு. டிசைனுக்கு 1% என்றால் 4.8 சிக்மா.

ராணிப்பேட்டை_ஃபேப்:
டிசைன் அலையாக மாற்றும்போது கவனம். மொமென்ட்டை ஆர்.ஏ.ஓ.வால் (1 மீ அலை வீச்சுக்கு வரும் மொமென்ட்) வகுத்தால் அலை வீச்சு கிடைக்கும். ஆனால் 16 மீ அலை 2.3 மீ உயரத்துக்கு மேல் நிற்காது, உடைஞ்சிடும் (1/7 வரம்பு). அதைத் தாண்டினால் கொஞ்சம் நீளமான அலையை எடுங்க.

பக்கவாட்டோடு விட்டுடாதீங்க. சாய்வாக வரும் அலையில் ஒரு ஹல் மூக்கு ஏற, மற்றது இறங்க, முறுக்கு மொமென்ட் வரும்: ஏ.பி.எஸ். ஃபார்முலாவில் 1.25 × 120 × 32 × 2 = 9,600 கிலோநியூட்டன்-மீட்டர். உள்பக்க ஹல் தகடு வெட் டெக்கோடு (ஹல்களுக்கு நடுவே நீரைப் பார்த்திருக்கும் அடித்தளம்) சேரும் மூலையில்தான் விரிசல் விடும். 5083 ரக அலுமினியத் தகட்டின் யீல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு) 215 என்றாலும், வெல்டு ஓரத்தில் 125 மெகாபாஸ்கல் வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. மூலையில் ரேடியஸ் கொடுங்க, பட் வெல்டை அங்கிருந்து தள்ளி வைங்க.

காட்பாடி_டிசைன்:
நன்றிங்க. வெட் டெக் ஸ்லாமிங்கும் (அடித்தளத்தில் அலை அறைவது) இதே சிக்மாவில் அடங்குமா?

ஹல்_கணக்கு:
அடங்காது. அது லீனியர் இல்லை (அலை உயரத்துக்கு நேர்விகிதத்தில் ஏறாது), சிக்மா கணக்குக்கு அடிப்படையான ரேலி பரவல் பொருந்தாது. டைம் டொமைன் ரன் (நொடிக்கு நொடி அசைவைக் கணக்கிடுவது) அல்லது மாடல் சோதனையில் வரம்பு தாண்டிய உச்சங்களை மட்டும் பொறுக்கி வெய்புல் பரவல் பொருத்துங்க. அப்புறம் அந்த 1 ஜி எங்கிருந்து வந்தது? வேகமும் அலை உயரமும் மாறினால் அதுவும் மாறும். அதைச் சரிபார்க்காமல் 4,800-ஐ அளவுகோலாக வைக்காதீங்க.