கரடி அடைப்புகளை எதைக் கொண்டு ஒப்பிடுவது?

*கவின்:* அனைவருக்கும் வணக்கம். பல நாட்டுக் கரடி அடைப்புகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுகிறேன். பரப்பளவை வைத்து வரிசைப்படுத்த எண்ணியிருக்கிறேன். ருமேனியாவின் சர்னெஸ்டி சரணாலயம் ஏறத்தாழ 69 ஹெக்டேர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் கரடிப் பூங்கா சுமார் 6,000 சதுர மீட்டர்தான். சர்னெஸ்டிக்கு முதலிடம் தரலாமா?

*முத்து மாமா:* சர்னெஸ்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட கரடிகள் இருக்கின்றன, கவின். எத்தனை கரடிகளுக்கு எவ்வளவு இடம் என்று பார்க்க வேண்டாமா? பெர்னை அதன் பழைய நிலையோடு ஒப்பிட்டுப் பார். 1857-இல் கட்டப்பட்ட கல் குழிக்குள் கரடிகள் நிற்க, மக்கள் விளிம்பில் சாய்ந்து குனிந்து பார்த்தார்கள். 2009-இல் ஆரே ஆற்றங்கரைச் சரிவு திறந்துவிடப்பட்ட பிறகுதான் அவற்றுக்குத் தோண்ட மண்ணும், ஏறி இறங்க மேடும், நீந்தத் தண்ணீரும் கிடைத்தன.

*தமிழ்ச்செல்வி அத்தை:* பரப்பளவுப் போட்டியில் எந்தப் பூங்காவும் காட்டை வெல்ல முடியாது. பனிக்கரடிக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் அடைப்பு, அது இயற்கையில் சுற்றித் திரியும் மிகச் சிறிய பரப்பிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்று கிளப், மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் எழுதினார்கள். அந்தக் கணக்கைப் படித்த பிறகு, இரண்டு ஏக்கரா மூன்று ஏக்கரா என்ற பேச்சில் எனக்கு நாட்டமில்லை.

*கவின்:* அப்படியானால் வேறு எதை அளவுகோலாகக் கொள்வது, அத்தை?

*தமிழ்ச்செல்வி அத்தை:* கரடியால் தானே முடிவெடுக்க முடிகிறதா என்பதைத்தான். சிகாகோவின் லிங்கன் பார்க் விலங்குக்காட்சிச் சாலையில் இரண்டு பனிக்கரடிகளைக் கவனித்து ஸ்டீபன் ராஸ் என்பவர் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அடைப்பின் பரப்பைப் பெரிதாக்கும் பணி எதுவும் நடக்கவில்லை. பார்வையாளர் கண்ணில் படாத உள்ளறைக்குச் செல்லும் கதவைத் திறந்து வைத்தார்கள், அவ்வளவுதான். கரடிகள் ஒரே தடத்தில் ஓயாமல் முன்னும் பின்னும் நடப்பது, அதாவது அடைபட்ட விலங்கின் மன அழுத்தத்தைக் காட்டும் பழக்கம், குறைந்தது. அந்தக் கதவைப் பற்றி எந்த விளம்பரப் பலகையிலும் எழுதமாட்டார்கள். ஆனாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

*அருள்:* அத்தை சொல்வதை ஏற்கிறேன். ஆனால் டெட்ராய்ட்டில் 2001-இல் திறக்கப்பட்ட பனிக்கரடிப் பகுதியில் 70 அடி நீளக் கண்ணாடிச் சுரங்கப்பாதை இருக்கிறது. தலைக்கு மேலே கரடி நீந்துவதைக் குழந்தைகள் அங்கே நின்று பார்க்கிறார்கள். பார்வையாளர் தரும் பணத்தில்தானே தீவனமும் மருத்துவமும் நடக்கின்றன?

*முத்து மாமா:* சுரங்கப்பாதை கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அருள். நீந்த விரும்பாத நேரத்தில் கண்ணாடியை விட்டு விலகிப் போய்ப் படுக்க அதற்கு ஓர் இடம் இருந்தால் போதும். இன்னொன்று, எட்டு வகைக் கரடிகளையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. சூரியக் கரடி மரமேறி. போர்னியோவின் செப்பிலோக்கில் இயற்கைக் காட்டையே மின்வேலியால் வளைத்திருப்பதால் அது உண்மையான மரங்களில் ஏறுகிறது. தேன்கரடிக்குக் கரையான் தேடிக் கிளறத் தக்க மண் வேண்டும். சிமெண்டுத் தளத்தில் அதன் நீண்ட நகங்களுக்கு வேலையே இல்லை. பனிக்கரடிக்கோ வெப்பநிலை முதன்மையானது. சிங்கப்பூரின் ஈரவெப்பத்தில் 2004-இல் பனிக்கரடிகளின் உரோமத்துக்குள் பாசி வளர்ந்து அவை பச்சையாகத் தெரிந்தன. அவற்றில் ஒன்றான இனூகா 2018-இல் இறந்த பிறகு அங்கே வேறு பனிக்கரடியைக் கொண்டுவரவில்லை. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

*கவின்:* இனம், மண், மறைவிடம், திறந்த கதவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டேன். ஓயாமல் நடக்கும் கரடியைக் கண்டால் அந்தப் பூங்காவுக்கு மதிப்பெண் குறைக்கலாமா?

*தமிழ்ச்செல்வி அத்தை:* அவசரப்படாதே. ஆக்ரா மீட்பு மையத்தில் இருப்பவற்றில் பல, மூக்கில் கயிறு கோர்க்கப்பட்டும் பற்கள் உடைக்கப்பட்டும் தெருவில் ஆடவைக்கப்பட்ட தேன்கரடிகள். இப்படிப்பட்ட விலங்குகளில் சில, நல்ல இடத்துக்கு வந்த பிறகும் பழைய அசைவை விடுவதில்லை. அதற்காக மீட்டவர்களைக் குறை சொல்வது பெரிய அநியாயம். அந்தக் கரடி எங்கிருந்து வந்தது, எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறது, நடை குறைந்து வருகிறதா என்று காப்பாளரிடம் கேட்டு எழுது. அங்கேயே பிறந்து வளர்ந்த கரடி ஓயாமல் நடந்தால் மட்டும் தயங்காமல் மதிப்பெண்ணைக் குறைத்துவிடு.