புதுப்பிப்பு: மாமாவின் இரத்தப் பரிசோதனை

பட்டர்வொர்த்து மாமாவுக்கு இரத்தத்தில் கிருமித் தொற்று, "விரைவுப் பரிசோதனை இருக்கும்போது முடிவுக்கு ஏன் இத்தனை நாள்?" என்று முன்பு கேட்டிருந்தேன். மாமா தேறிவிட்டார், ரொட்டி சானாய் கேட்டு அத்தையிடம் திட்டும் வாங்கிவிட்டார்.

பினாங்கில் ஆய்வகத்தில் பணிபுரியும் அக்கா ஒருவர் விளக்கினார். கிருமியின் மரபணுவைத் தேடும் விரைவு பிசிஆர் சோதனை பெரும்பாலும் கல்ச்சர் போத்தலில் (இரத்தத்தை விட்டுக் கிருமியை வளர்க்கும் போத்தல்) கிருமி வளர்ந்த பிறகே தொடங்குகிறது. பிறகு ஏறக்குறைய 1 மணி நேரத்தில் கிருமியின் பெயரும் மருந்துக்கு அடங்காமல் இருக்கச் செய்யும் சில எதிர்ப்பு மரபணுக்களும் தெரிந்துவிடும். வளர்வதற்குத்தான் ஒன்றிரண்டு நாள். சோதனையின் பட்டியலில் இல்லாத கிருமியை அது காட்டவே காட்டாது; விளம்பரத்தில் இதை யார் சொல்கிறார்கள்?

ஆன்டிபயாட்டிக் ஏற்றுமுன் இரு கைகளிலும் இரத்தம் எடுத்தது, போத்தலில் கிருமி வளர வேண்டும் என்பதற்காகத்தான். போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர்! அத்தை அன்று சண்டைக்கே போனார். முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்கினார்கள். முடிவு வந்ததும் மாற்றினார்கள்.