இறம்பொடை இறக்கத்தில் வேன் பிரேக் பெடல் கீழே போகிறது, என்ன கோளாறு?

கொட்டகலை வேன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். ஒரு முதலாளியின் டொயோட்டா கேடிஎச் (KDH) வேனை ஹயருக்கு ஓட்டுகிறேன், டீசல், மேனுவல் கியர். சமதரையில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் ஆள் நிறைய இருக்கும்போது நுவரெலியாவிலிருந்து கண்டிப் பக்கம் இறங்கினால், லபுக்கலை தாண்டியதும் கருகல் வாடை அடிக்கத் தொடங்குகிறது, இறம்பொடைக்குக் கிட்டப் போகும்போது பெடல் வழக்கத்தைவிடக் கீழே போய்த்தான் பிடிக்கிறது. ஓரமாக நிறுத்தி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு எடுத்தால் பழையபடி சரியாகிவிடுகிறது. கராஜில் பாஸ் (மெக்கானிக்) ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். முதலாளியோ இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம், எல்லாரும் அப்படித்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். பின்னால் பிள்ளை குட்டிகளோடு குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை. கோளாறு வண்டியிலா, ஓட்டும் முறையிலா?

பழைய சாரதி, ஹட்டன்:
தம்பி, முதலில் அந்த நியூட்ரலை இன்றோடு விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கண்டி கிட்டத்தட்ட 500. அவ்வளவு உயரத்திலிருந்து ஆளும் பெட்டியுமாக ஒரு வண்டி இறங்கும்போது அதைப் பிடித்து நிறுத்தும் வேலையை எஞ்சினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நியூட்ரலில் விட்டால் எஞ்சினுக்குப் பங்கே இல்லை, முழுப் பாரமும் பிரேக் தலையில்தான், அத்தனையும் சூடாக மாறுகிறது. எங்கள் காலத்தில் சொல்லித் தந்தது, எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்று. இறம்பொடை வளைவுகளில் இரண்டாவது, கொஞ்சம் நேராக வரும் இடத்தில் மூன்றாவது. வளைவுக்குள் போய்க் கியர் தேடக் கூடாது, முன்னாலேயே குறைத்துவிட வேண்டும்.

கொட்டகலை வேன்:
விளங்குகிறது அண்ணே. ஆனால் இரண்டாவது கியரில் எஞ்சின் இரைகிறது, டீசல் கூடப் போகும் என்று முதலாளி சத்தம் போடுவார். அவருக்கு என்ன சொல்வது?

கராஜ்காரன், தலவாக்கலை:
இதை அவருக்கு அப்படியே காட்டுங்கள். கேடிஎச் மாதிரி இப்போதைய டீசல் எஞ்சின்களில் டீசல் அடிப்பதை கம்பியூட்டர்தான் தீர்மானிக்கிறது. கியர் போட்டபடி எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் சில்லுதான் எஞ்சினைச் சுற்றுகிறது, அது தெரிந்து கம்பியூட்டர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் தானாக ஓடியாக வேண்டும், அதற்கு டீசல் எரியத்தான் செய்யும். அப்போ இறக்கத்தில் கூடச் செலவாவது நியூட்ரலில்தான். இரைச்சல் கேட்கிறது என்பதற்காக டீசல் போகிறது என்று அர்த்தம் இல்லை. எஞ்சினையே ஓஃப் பண்ணிவிட்டு இறங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள், அது இன்னும் மோசம். பிரேக்கை இலேசாக்கித் தருகிற பூஸ்டர், ஓரிரு தடவை மிதித்ததும் வேலை செய்யாது, ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

சரி, வண்டிக் கோளாறுக்கு வருகிறேன். பெடல் கட்டியாக நிற்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேட், அதாவது சில்லின் டிஸ்க்கை அமுக்கிப் பிடிக்கும் கட்டை, சூடேறிப் பிடிப்பு விட்டுவிட்டது. பெடலே கீழே போகிறது என்றால் பெரும்பாலும் பிரேக் ஆயில். உங்களுக்கு வாடையும் வருகிறது, பெடலும் இறங்குகிறது, இரண்டும் சேர்ந்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும், அதிலும் நம்ம ஊர் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். டொட் 3 (DOT 3) ரக ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்க 205 பாகை செல்சியஸ் வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் 140 போதும். டொட் 4 என்றால் 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வரும், நீங்கள் மிதிக்கிற மிதி அந்தக் குமிழை அமுக்கத்தான் போகும், சில்லுக்குப் போகாது. ஆறினால் குமிழ் மறைந்துவிடும். அதனால்தான் பிளேன்டீ குடித்த பிறகு சரியாகிறது, கராஜ் வாசலில் ஓட்டிப் பார்க்கிற பாஸுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆயிலை முழுக்க மாற்றி நாலு சில்லிலும் காற்று எடுக்கச் சொல்லுங்கள், மேலே கொஞ்சம் ஊற்றுவது மாற்றுவது ஆகாது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டிய சாமான் அது. முன்பக்கப் பேட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், முகம் கண்ணாடியாகப் பளபளத்தால் கருகியிருக்கிறது. பின்னால் டிரம் பிரேக், அதற்குள் உரசிப் பிடிக்கிற ஷூ லூசாக இருந்தாலும் பெடல் இறங்கும்.

நானுஓயா அக்சியோ:
நான் ஹைபிரிட் கார் ஓட்டுகிறேன், கார்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இறக்கத்தில் கியரை 'பி'யில் (B) போடுங்கள், எஞ்சினும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கிற நிலை அது, பார்க் பண்ணுகிற P இல்லை. நீண்ட இறக்கத்தில் பெட்டரி நிறைந்துவிட்டால் எஞ்சின் திடீரென்று இரையும், அது பழுது இல்லை, பெட்டரி ஏற்றுக்கொள்ளாத வேலையை எஞ்சின் செய்கிறது. பயந்து வழக்கமான 'டி'க்கு (D) மாற்றினால் பாரம் பிரேக்குக்குப் போகும்.

பழைய சாரதி, ஹட்டன்:
சூடாக நிறுத்தினால் வீதியோரப் பீலித் தண்ணீரைப் பிடித்துச் சில்லில் ஊற்றாதீர்கள் தம்பி, நிறையப் பேர் செய்கிறார்கள், டிஸ்க் கோணிவிடும். முதல் கியரில் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து, தானாக ஆற விடுங்கள். ஒரு நாள் பெடல் முழுக்கப் போய்விட்டால் விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை பட்டனை அமுக்கியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் மலைப் பக்கம் கானுக்குள் (வீதியோர வடிகாலுக்குள்) இறக்குங்கள், பள்ளத்துப் பக்கம் பார்க்கவே வேண்டாம். வண்டி போனால் போகட்டும்.

2023 ஜனவரியில் ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ் மோதி, வேனிலும் த்ரீவீலரிலும் இருந்த 7 பேர் இறந்தது நினைவிருக்கும். நம்ம வண்டி நல்ல நிலையில் இருந்தாலே போதாது, எதிரில் வருகிறவனுக்கும் இடம் வைத்துத்தான் இந்த வீதிகளில் ஓட்ட வேண்டும். ஏறுகிற வண்டிக்கு எப்போதும் இடம் கொடுங்கள்.

அப்புறம் முதலாளி விஷயம். பிரேக் சரியில்லை என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் போனில் எழுதியும் அனுப்பிவிடுங்கள், திகதியோடு இருக்கும். ஏதாவது நடந்தால் பொலிஸ் முதலில் தேடுவது ஸ்டியரிங் பிடித்தவரைத்தான்.

கொட்டகலை வேன்:
அண்ணன்மாரே, தலவாக்கலை அண்ணன் எழுதியதை முதலாளிக்கு அனுப்பினேன். டீசல் கணக்கைப் படித்துவிட்டுத்தான் ஆயில் மாற்றச் சம்மதித்தார். பாஸ் பழையதை ஒரு யோகட் கோப்பையில் எடுத்துக் காட்டினார், பிளேன்டீ நிறத்துக்கு இருந்தது. முன் பேட் இரண்டு பக்கமும் பளபளப்பு, புதிது போட்டாச்சு. நேற்று நிறைந்த வேனோடு இரண்டாவது கியரில் இறங்கினேன், இறம்பொடையில் பெடல் மேலேயே நின்றது, வாடையும் இல்லை. பின் டிரம்மை மட்டும் இன்னும் கழற்றவில்லை, அடுத்த கிழமை செய்யலாமா?

கராஜ்காரன், தலவாக்கலை:
அடுத்த ஹயருக்கு முன்னால் செய்துவிடுங்கள் தம்பி. ஷூவைப் பார்க்கும்போது ஷூவைத் தள்ளுகிற சில்லுப் பம்பில் பிரேக் ஆயில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், ரப்பரைத் தூக்கிப் பார்த்தால் ஈரம் தெரியும். கசிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.