ரோலர்ல ஓட்டும்போது கொர்ர் சத்தம், கூடவே டக் டக். எங்கே பார்க்கணும்?

திருவான்மியூர்_காலை:
வணக்கம். சைக்கிளை மேல ஏத்தி வீட்டுக்குள்ளேயே நின்ன இடத்துல ஓட்டுற, மூணு உருளை வச்ச சாதாரண ரோலர், வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. மழை பிடிச்சுட்டா ஈசிஆர் பக்கம் போக முடியாது, ஐப்பசி, கார்த்திகை முழுக்க இதுலதான் ஓட்டுவேன். மத்த மாசம் பால்கனியில நிமிர்த்தி வச்சிருப்பேன். இந்தத் தடவை எடுத்ததுல இருந்து 20 கி.மீ. வேகம் தாண்டினா மாவு மில் மாதிரி கொர்ர்னு ஒரு சத்தம். வேகம் கூடக் கூட அதுவும் ஏறுது. அதுக்கு நடுவுல தனியா டக், டக்னு இன்னொண்ணு. செயினுக்கு எண்ணெய் விட்டேன், பெல்ட்டைத் துடைச்சேன், அப்படியேதான் இருக்கு. கீழ்வீட்டு அம்மா முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் வீட்டுக்கு வந்திருக்காங்க. காலை அஞ்சரை மணிக்கு இந்தச் சத்தம் அவங்களை எழுப்பக் கூடாது. மூணு நாளா ஓட்டவே இல்லை. உதவுங்க.

போரூர்_பெடல்:
ப்ரோ, மிதிக்கிறதை நிறுத்தினாலும் வருதா? டயர் என்ன? கட்டை கட்டையா இருக்குற எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) டயர்னா உருளையில கத்தத்தான் செய்யும்.

திருவான்மியூர்_காலை:
ரோடு பைக், 25 மி.மீ. வழவழ டயர். நிறுத்தினாலும் ரெண்டு மூணு வினாடி உருளுதே, அப்பவும் ரெண்டு சத்தமும் இருக்கு.

பெரம்பூர்_ஃபிட்டர்:
தம்பி, அப்போ செயினையும் பெடலையும் விட்டுடுங்க. ரெண்டு சத்தத்தையும் ஒரே கோளாறுன்னு நினைக்காதீங்க. நாலரை அங்குல உருளையோட சுற்றளவு 36 செ.மீ., உங்க டயரோடது சுமார் 210. சக்கரம் ஒரு சுத்து வர்றதுக்குள்ள உருளை கிட்டத்தட்ட ஆறு சுத்து சுத்திடும். 30 கி.மீ. வேகத்துல உருளை வினாடிக்கு 23 தடவை, சக்கரம் நாலு தடவை. 23-ஐக் காது எண்ணாது, சேர்ந்து கொர்ர்னுதான் விழும். நாலு பிரிஞ்சு டக் டக்னு கேக்கும். அதனால கொர்ர் உருளையில, டக் சக்கரத்துல.

பெல்ட்டைக் கழட்டிட்டு ஒவ்வொரு உருளையா கையால சுத்துங்க. நல்ல பேரிங் பட்டு மாதிரி ஓடும், கெட்டது மணல் நெறிபடுற மாதிரி விரலுக்கே தெரியும். சந்தேகமா இருந்தா நீள ஸ்க்ரூடிரைவர் முனையை ஆக்சில் நட்டு மேல வச்சு, பிடியைக் காதுக்கு முன்னால எலும்புல அழுத்திக் கேளுங்க. ரயில் பெட்டி வேலையில 30 வருஷம் நான் நம்புனது இதைத்தான். துரு ஸ்பிரே மட்டும் அடிக்காதீங்க. கிரீஸைக் கரைச்சிடும்.

திருவான்மியூர்_காலை:
அண்ணா, பிடிச்சுட்டேன்! முன் உருளையும் நடு உருளையும் சுத்தம். கடைசி உருளையோட இடது முனையில நறநறன்னு இருக்கு, நட்டைச் சுத்தி காவி நிறத்துல துரு. நிமிர்த்தி வைக்கும்போது அந்த முனைதான் தரையில நிக்கும், ஏசி தண்ணி சொட்டுறதும் அங்கேதான். போதாததுக்குக் கடல் காத்து. டக் சத்தம், வால்வு தண்டு ரிம் ஓட்டையில ஆடினது. இன்சுலேஷன் டேப் ஒரு சுத்து சுத்தினேன், நின்னுடுச்சு.

பெரம்பூர்_ஃபிட்டர்:
பேரிங் பக்கவாட்டுல நம்பர் பொறிச்சிருக்கும். 608னா உள்ளே 8, வெளியே 22, அகலம் 7 மி.மீ., ஸ்கேட்டிங் சக்கரத்துல போடுற அதே பேரிங். பாரிமுனைப் பக்கம் கிடைக்கும், பழசைக் கையில எடுத்துட்டுப் போங்க. ரெண்டு முனைக்கும் சேர்த்து வாங்குங்க. 2ஆர்எஸ்னு கேளுங்க, ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி இருக்கும், நம்ம ஊர் ஈரத்துக்கு அதுதான் தாங்கும். ஏத்தும்போது வெளி வளையத்துல மட்டும் தட்டணும். உள் வளையத்துல தட்டினா குண்டு ஓடுற பாதையில பள்ளம் விழுந்து, புதுசும் அன்னைக்கே கத்தும்.

திருவான்மியூர்_காலை:
608தான். பழைய பேரிங்கையே மேல வச்சுத் தட்டி ஏத்தினேன். மாட்டினதும் உருளை இறுக்கமா சுத்துச்சு, பயந்துட்டேன். நட்டைக் கால் சுத்து தளர்த்தினதும் தன்னால ஓடுது. இப்போ பெல்ட் சரசரப்பு மட்டும்தான் கேக்குது. அடியில ரப்பர் மேட்டும் போட்டிருக்கேன். நாளைக்குக் காலையில ஓட்டிட்டு, கீழ்வீட்டுல கேட்டுட்டு எழுதறேன். ரொம்ப நன்றி அண்ணா.

பெரம்பூர்_ஃபிட்டர்:
சந்தோஷம் தம்பி. இனிமே பால்கனி வேண்டாம், கட்டிலுக்கு அடியில படுக்க வச்சிடுங்க.