உதவி: விசோஃப்ளெக்ஸில் எதுவுமே தெளிவாகத் தெரியவில்லை (அவசரம்)

முருகன்குறிச்சிக்காரன்
வணக்கம். மாமா வைத்திருந்த பழைய விசோஃப்ளெக்ஸையும் நீள லென்ஸையும் டிஜிட்டல் லைக்காவில் மாட்டியிருக்கிறேன். கச்சிதமாகத்தான் உட்காருகிறது. ஆனால் எப்படித் திருப்பினாலும் ஒரே மங்கல். மொட்டை மாடியிலிருந்து சர்ச் ஊசிக்கோபுரத்தைப் பார்த்தால் பஞ்சுமிட்டாய் போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பறவை எடுக்கக் கூந்தன்குளம் போக வேண்டும். கேமரா மச்சானுடையது, அடுத்த வாரம் சிங்கப்பூருக்குத் திரும்பும்போது கையோடு கொண்டுபோய்விடுவார். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

அம்பை_செல்வி
எந்த லைக்கா? எந்த லென்ஸ்? எந்த விசோஃப்ளெக்ஸ்? மூன்றையும் சொல்லாமல் கேட்டால் நாங்கள் வெற்றிலையில் மை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பணகுடிக்காற்று
விசோஃப்ளெக்ஸ் என்றால் மேலே செருகும் மின்னணு வியூஃபைண்டர்தானே? அதன் கண்துண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சக்கரம் இருக்கும். பார்வைக்கு ஏற்றபடி அதைத் திருப்பினால் தெளிந்துவிடும். எனக்கும் முதல் நாள் இப்படித்தான் ஆனது.

டவுன்_அண்ணாச்சி
பணகுடி தம்பி, அவர் சொல்வது வேறு. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் பெட்டி அது, லென்ஸில் வரும் காட்சியை உள்ளே இருக்கும் முகக்கண்ணாடி மேலே வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும். 1951இல் வந்தது, 1984 வரை விற்றார்கள். பிறகு அதே பெயரை மின்னணு வியூஃபைண்டருக்குச் சூட்டிவிட்டார்கள். இதைப் பலமுறை எழுதியாகிவிட்டது. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கும் பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது.

கேட்டவருக்கு: டிஜிட்டலில் சென்சருக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. ஃபிலிமுக்காகச் செய்த லென்ஸை அதில் மாட்டினால் ஃபோகஸ் தள்ளிப்போகும். ஃபிலிம் கேமராவில் மாட்டுங்கள், பளிச்சென்று இருக்கும்.

கூழைக்கடா
லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளையாக ஏதாவது படர்ந்திருக்கிறதா? பூஞ்சையாகத்தான் இருக்கும். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் ஒரே மாதத்தில் பிடித்துவிடும். நான்கு நாள் நல்ல வெயிலில் வையுங்கள்.

அம்பை_செல்வி
பூஞ்சை பிடித்தால் படம் வெளுக்கும், பனி மூடியது போல இருக்கும். ஃபோகஸ் அடியோடு போகாது. தயவுசெய்து வெயிலில் வைக்காதீர்கள் தம்பி. நம் ஊர் வெயிலில் உள்ளே இருக்கும் மசகு உருகி ஒளித்துளை இதழ்களில் இறங்கினால் அப்புறம் அதற்கு வேறு ஓர் இழை திறக்க வேண்டியிருக்கும்.

வெர்னியர்
மூன்று விஷயம் சொல்லுங்கள். பெட்டியின் வியூஃபைண்டரில் மங்கலா, கேமராவின் பின்திரையில் மங்கலா, இரண்டிலுமா? லென்ஸின் முகப்பு வளையத்தில் என்ன எழுதியிருக்கிறது? லென்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

முருகன்குறிச்சிக்காரன்
மன்னிக்கவும், எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். கேமரா எம் 240. லென்ஸில் டெலிட், எஃப் 4, 200 மி.மீ என்று இருக்கிறது. பின்பக்கம் மரை. அதற்கு ஒரு மெல்லிய வளையம் வாங்கி மாட்டினேன், மரை லென்ஸை எம் கேமராவில் போட விற்கிறார்களே, அது. பெட்டி எத்தனையாவது மாடல் என்று தெரியவில்லை. இரண்டிலும் மங்கல்தான், கண்ணாடியை மேலே தூக்கிவைத்துத் திரையில் பார்த்தாலும் அதே பஞ்சுமிட்டாய்.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருக்கிறது. ஃபோகஸ் வளையத்தைக் கிட்டத்து எண் பக்கமாக முழுவதும் திருப்பினால் கோபுரம் கொஞ்சம் உருவம் பிடிக்கிறது. முடிவிலிப் பக்கம் திருப்பினால் கரைந்தே போகிறது. தலைகீழாக இருக்கிறதே?

டவுன்_அண்ணாச்சி
நான் சொன்ன தகடுதான். வேறொன்றும் இல்லை.

வெர்னியர்
அண்ணாச்சி, அந்தத் தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஊசிக்கோபுரத்தைப் பஞ்சுமிட்டாய் ஆக்கும் வலு அதற்கு இல்லை. தகடு சென்சருக்கு முன்னால் இருக்கிறது, பெட்டியின் வியூஃபைண்டரோ சென்சரையே பார்ப்பதில்லை. பிறகு அதிலும் எப்படி மங்கும்? இரண்டிலும் ஒரே மங்கல் என்பதால் கண்ணாடியின் சாய்வையும் சந்தேகிக்க வேண்டாம்.

முருகன்குறிச்சித் தம்பி, நீங்கள் விசித்திரம் என்று கடைசியில் சொன்னதில்தான் பதில் இருக்கிறது. கிட்டத்து எண்ணுக்குத் திருப்பும்போது லென்ஸ் முன்னால் நீள்கிறது. நீள நீளத் தூரத்துப் பொருள் தெளிகிறது என்றால், லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிடச் சென்சருக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறது.

டெலிட் 200 முதலாம் விசோஃப்ளெக்ஸின் கணக்கில் செய்தது. அதில் லென்ஸின் அடியிலிருந்து ஃபிலிம் வரை 91.3 மி.மீ. இரண்டாவது, மூன்றாவது மாடல்களின் பெட்டி ஒல்லி, அவற்றில் 68.8தான். நடுவில் விழும் 22.5 மில்லிமீட்டரை நிரப்புவதற்கென்றே ஊபியோ என்று ஒரு வளையம் செய்தார்கள், எண் 16466. நீங்கள் போட்டிருக்கும் மெல்லிய வளையம் ஒரு மி.மீ, ஆக 21.5 மி.மீ குறைகிறது. ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பினாலும் லென்ஸ் அவ்வளவு நீளாது, அதனால்தான் பாதிவழியில் நிற்கிறது.

ஸ்கேலை வைத்துப் பெட்டியின் முன்தகட்டிலிருந்து பின்தகடு வரை அளந்து பாருங்கள். 4 செ.மீ அளவில் இருந்தால் நான் சொன்னது சரி. 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் என் கணக்கு தப்பு, வேறு யோசிப்போம்.

அம்பை_செல்வி
அளப்பதோடு இதையும் செய்து பாருங்கள். லென்ஸைக் கழற்றி, முடிவிலியில் வைத்து, பெட்டியின் வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கையால் நேராகப் பிடியுங்கள். சுற்றிலும் கறுப்புத் துணி. வியூஃபைண்டரில் கோபுரம் தெளிந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

கூழைக்கடா
எல்லாம் சரியானாலும் இந்தப் பெட்டியோடு கூந்தன்குளத்தில் பறவை எடுக்க முடியாது. கண்ணாடி எழும் ஓசைக்கே கிளம்பிவிடும். 200 மி.மீ போதவும் போதாது.

பணகுடிக்காற்று
ஓசைக்கா? ஊருக்குள் வீட்டு மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கிறது, கீழே ஆட்டுரல் ஆடுகிறது, பஸ் ஹாரன் அடிக்கிறது. எதையும் சட்டை செய்வதில்லை. அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை.

கூழைக்கடா
ஊருக்குள் இருக்கும் நாரை வேறு, குளத்துக்குள் இறங்கும் வரித்தலை வாத்து வேறு. இமயமலையைத் தாண்டி வந்த பறவை அது. ஒன்று கழுத்தை நீட்டினால் போதும், மொத்தக் கூட்டமும் நீட்டும். நான் கரையில் உட்கார்ந்து தும்மியே ஒரு காலைப்பொழுதை இழந்திருக்கிறேன்.

பணகுடிக்காற்று
தும்மலுக்கு விசோஃப்ளெக்ஸ் என்ன செய்யும்?

டவுன்_அண்ணாச்சி
மூன்றாம் மாடலில் கண்ணாடியை மேலேயே நிறுத்திவைக்கலாம். எம் 240இல் லென்ஸ் பார்ப்பது பின்திரையில் நேரலையாக வரும், பழைய எம்8, எம்9 இரண்டிலும் அது கிடையாது. முக்காலியில் வைத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, திரையைப் பார்த்து எடுத்தால் கண்ணாடி ஓசைக்கு இடமில்லை. ஆனால் அப்படி எடுப்பதற்கு அந்தப் பெட்டி எதற்கு, லென்ஸைத் தள்ளி நிறுத்த வெறும் குழாயே போதும். கேட்பதற்கு யாரும் இல்லை.

அம்பை_செல்வி
இதையாவது நல்லபடியாகச் சொன்னீர்கள் அண்ணாச்சி. தம்பி, கூடவே ஒன்று: கண்ணாடி கீழே இருக்கும்வரை கேமராவுக்குள் ஒளி போகாது, மீட்டர் காட்டுவதை நம்பாதீர்கள். தூக்கிவைத்து ஒருமுறை அளந்து, ஷட்டர் வேகத்தைக் கையால் வைத்துக்கொள்ளுங்கள்.

வெர்னியர்
அளந்தாயிற்றா?

வெர்னியர்
தம்பி, இன்று வெள்ளிக்கிழமை.

முருகன்குறிச்சிக்காரன்
41 மி.மீ. துணி சுற்றிப் பிடித்துப் பார்த்தேன், ஊசிக்கோபுரத்தின் உச்சிச் சிலுவை வரை தெரிந்தது. ஊபியோ வளையமும் கிடைத்துவிட்டது. அத்தை பல வருடமாக அதில் மெழுகுவர்த்தி நிறுத்திவைத்திருந்திருக்கிறார், கரண்ட் போனால் ஏற்றுவதற்கு. மரையில் மெழுகு இறுகிக் கிடக்கிறது, பல்குச்சியால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

அம்பை_செல்வி
வெந்நீரில் போட்டுவிடாதீர்கள். மரத்துண்டால் மட்டும் சுரண்டுங்கள், ஊசி வேண்டாம்.

கூழைக்கடா
ஞாயிறு போனீர்களா? வாத்து இருந்ததா?

பணகுடிக்காற்று
ஆளைக் காணோம். கேமரா சிங்கப்பூர் போயிருக்கும்.

சேரன்மகாதேவி_ஸ்டூடியோ
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் அதே பெட்டி இருக்கிறது, லென்ஸ் 135. எனக்கும் மங்கலாகத்தான் தெரிகிறது. என்ன செய்யலாம்?

வெர்னியர்
எந்த 135? எந்தக் கேமரா? நடுவில் என்ன இருக்கிறது?