கடைசிப் பதினைந்து நிமிடம்: கதைக்கா, எழுத்துக்கா?

வியாசர்பாடி டீச்சர்:
இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 31 பிள்ளைகள். தினமும் மணி அடிப்பதற்கு முன், கடைசிப் பதினைந்து நிமிடம் ஒரு கதைப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டுவேன். எனக்குப் பிடித்த புத்தகமாகப் பார்த்துத்தான் எடுப்பேன். பிடிக்காததைப் படித்தால் இரண்டாம் பக்கத்திலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கதை முடிந்ததும் கேள்வி கேட்க மாட்டேன், எதையும் எழுதவும் சொல்ல மாட்டேன். போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் சிலர், "பிள்ளைக்கு இன்னும் எழுத்துக் கூட்டவே வரவில்லை, அந்த நேரத்தில் எழுத்துப் பயிற்சி கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். அந்த நேரத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அம்பத்தூர் அப்பா:
டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் அந்தப் பெற்றோர் பக்கம்.

என் மகளுக்கு இரண்டாம் வகுப்பில் வாய்த்த டீச்சரும் உங்களைப் போலத்தான். கதை படிப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர். மகள் வீட்டுக்கு வந்து அதே புத்தகத்தை விரித்து, திருப்ப வேண்டிய இடத்தில் பக்கத்தைத் திருப்பி, ஏற்ற இறக்கத்தோடு படிப்பாள். பாட்டி திருஷ்டி சுற்றிப் போடுவார். மூன்றாம் வகுப்பு சேர்ந்த பிறகு ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது, ஒரு கடைப் பலகையில் இருந்த 'கொத்து' என்ற சொல்லைக் காட்டி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். 'கெ' என்றாள், அப்புறம் அந்தக் காலை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிட்டாள். கொம்பும் காலும் சேர்ந்தால் 'கொ' என்பது அவளுக்குத் தெரியவில்லை. புத்தகம் முழுக்க மனப்பாடம். ஒரு வருடம் யாருமே கவனிக்கவில்லை, நானும்தான். அதன் பிறகு நானும் மனைவியும் ஆறு மாதம் சொல் அட்டை எழுதி, ராத்திரி ராத்திரி உட்கார்ந்து கற்றுக்கொடுத்தோம். கதை மேல் அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. அந்த ஆசை எழுத்தைக் கற்றுத் தரவில்லை.

முகப்பேர் அம்மா:
அப்பா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு எவ்வளவு படிக்கத் தெரிகிறது என்று பார்க்கும் ஏசர் ஆய்வு வரும்போதெல்லாம் சென்னைப் பிள்ளைகளின் நிலைமையைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

மாம்பலம் நூலகர்:
ஒரு சின்னத் திருத்தம் அம்மா. ஏசர் வீடு வீடாகப் போய்க் கிராமப்புற மாவட்டங்களில் எடுக்கப்படுவது. சென்னை அதில் வராது. நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி அதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

வியாசர்பாடி டீச்சர்:
அப்பா, உங்கள் மகளுக்கு நடந்தது என் வகுப்பிலும் நடக்கலாம். இதைப் படித்ததும் இன்று ஐந்து பிள்ளைகளிடம் படத்தைக் கையால் மூடிக்கொண்டு, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டேன். இரண்டு பேர் மனப்பாடம்தான்.

ஆனால் எழுத்துப் பயிற்சி மட்டும் போதாது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நம் பிள்ளைகள் பேசும் தமிழ் வேறு, புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறு. வீட்டில் 'வந்துச்சு', புத்தகத்தில் 'வந்தது'. போன மாதம் ஒரு பையன் 'நரி அஞ்சியது' என்று பிழையில்லாமல் எழுத்துக் கூட்டிப் படித்தான். என்ன அர்த்தம் என்றேன். "அஞ்சு நரி டீச்சர்" என்றான். 'பயந்துடுச்சு' என்றுதான் அவன் காது கேட்டிருக்கிறது. அந்தச் சொல்லை யார் வாயிலிருந்து அவன் கேட்கப் போகிறான்?

அப்புறம் நம் எழுத்தையே பாருங்கள். 'பாம்பு' என்ற சொல்லில் முதலில் வரும் 'பா' ஒரு ஒலி, கடைசியில் வரும் 'பு' வேறு ஒலி. இரண்டுக்கும் 'ப' என்ற எழுத்து ஒன்றேதான். பிள்ளை சரியாகச் சொல்கிறது என்றால், அந்தச் சொல் ஏற்கெனவே அதன் காதில் இருக்கிறது என்று அர்த்தம். காதில் இல்லாத சொல்லை எழுத்துக் கூட்டினால் வெறும் சத்தம்தான் வரும்.

கொளத்தூர் தன்னார்வலர்:
டீச்சர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. 2021இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்தவள் நான். என்னிடம் வந்த சில பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு. அவர்களுக்குப் புத்தகத் தமிழ் மூன்றாவது மொழி மாதிரி. படித்துக் காட்டக் காட்டத்தான் அவர்கள் வாயில் 'சென்றான்', 'கூறினாள்' எல்லாம் தானாக வந்தன.

பெரம்பூர் ஓய்வு ஆசிரியர்:
33 வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. பாடப் புத்தகம் தவிர நான் எதையும் படித்தவன் அல்ல. வேலை முடிந்தால் டியூஷன், பிறகு கணக்கெடுப்புப் பணி, தேர்தல் பணி. வியாசர்பாடி டீச்சருக்குப் படிப்பதில் ஆசை இருக்கிறது, செய்கிறார். நாளைக்கே இதை எல்லாப் பள்ளிக்கும் சுற்றறிக்கையாக அனுப்பினால் என்ன ஆகும்? என்னைப் போன்றவர்கள் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்போம். பிள்ளைகள் அதையும் பார்ப்பார்கள். ஆசையை உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது.

மாம்பலம் நூலகர்:
ஐயா, உத்தரவு வேண்டாம். ஆசிரியர் கைக்கு முதலில் புத்தகம் வரட்டும். பள்ளிகளுக்குப் புத்தகம் வராமல் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று பிள்ளையின் நிலைக்குத் தகுந்த மாதிரி நான்கு வகையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் போன சில பள்ளிகளில் புத்தகங்கள் பீரோவுக்குள் இருந்தன, சாவி ஒருவரிடம் இருந்தது. தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் கணக்குச் சொல்வது என்ற பயம். அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்த ரங்கநாதன் 1931இலேயே நூலகத்துக்கு முதல் விதியாக எழுதியது, நூல்கள் பயன்படுத்தத்தான் என்பது. கிழிந்த புத்தகத்தைக் கழித்துக்கொள்ள வழி செய்யுங்கள், பாதி ஆசிரியர்கள் தாமாகவே புரட்ட ஆரம்பிப்பார்கள். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் ஐயா. கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்கு ஒரு நாள் போய் உட்காருங்கள். பேரப்பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்பத்தூர் அப்பா:
காது பற்றி டீச்சர் சொன்னது எனக்குப் புதிது. யோசித்தேன். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும் பிள்ளை எப்படியும் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். என் மகள் பிடித்துக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் காலையில் வேலைக்குப் போய் ராத்திரி திரும்பும் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மட்டும்தான். தினமும் பதினைந்து நிமிடம் என்றால் நான்கு நாளில் ஒரு மணி நேரம். அந்தப் பிள்ளைக்கு அது பெரிய கணக்கு. கதையில் மயங்கி உட்கார்ந்திருக்கும்போது தனக்குப் படிக்கத் தெரியாது என்பது அதற்கே தெரியாமல் போய்விடுகிறது.

வியாசர்பாடி டீச்சர்:
அதே பிள்ளைக்குத்தான் வீட்டில் ஒரு கதைப் புத்தகம்கூட இல்லை அப்பா. ஒரு பெரிய மனுஷி புத்தகத்தைப் பார்த்துச் சிரிப்பதையும் கண் கலங்குவதையும் அது என் வகுப்பில் மட்டும்தான் பார்க்கிறது. எதற்காக இந்தக் கொம்பையும் காலையும் படிக்கிறோம் என்று அதற்கு வேறு எங்கே தெரியும்?

சரி, நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்கிறேன். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டக் கணக்குப்படி என் வகுப்பில் இன்னும் அரும்பு என்ற ஆரம்ப நிலையில் 9 பேர். நாளையிலிருந்து அந்த 9 பேரைக் காலையில் பிரேயருக்கு முன் இருபது நிமிடம் தனியாக உட்கார வைக்கிறேன். அதற்கு நான் சீக்கிரம் கிளம்ப வேண்டும், கிளம்புகிறேன். கதை நேரத்தில் விரலைச் சொல்லுக்கு அடியில் வைத்துப் படிக்கிறேன். ஆனால் கடைசிப் பதினைந்து நிமிடம் கதைக்குத்தான்.

அம்பத்தூர் அப்பா:
கதை நேரத்தில் என் கருத்து மாறவில்லை டீச்சர். அந்த இருபது நிமிடத்துக்கு நன்றி. மகளுக்கு எழுதிய அட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் அப்படியே இருக்கின்றன. கெ, கே, கொ, கோ வரிசை முழுதும் உண்டு. சனிக்கிழமை பெரம்பூர் பக்கம் வருகிறேன், எங்கே கொடுப்பது என்று சொல்லுங்கள்.