வயிறு பெருத்தது, உடம்பு இளைத்தது

ரங்கூன்வாசி

ஆடி மாத அடைமழையில் கிடைத்தவள் ஷ்வே. அனோரத்தா சாலை காளி கோயில் பக்கம், காய்கறி வண்டிக்கு அடியில் நனைந்து கிடந்த செம்பட்டைப் பூனைக்குட்டி. கைலியில் சுருட்டித் தூக்கி வந்தேன். அப்போது இரண்டு மாதம் இருக்கும். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தோம், கருவாட்டுச் சோறு தின்றாள், தேறிவிட்டாள்.

புரட்டாசியில் வயிறு உருண்டது. பார்த்தவர்கள் எல்லாரும் "நல்லா வளர்க்கிறீங்க" என்றார்கள். அப்பாயி மட்டும் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "வயிறுதான் பெருக்குதுப்பா, முதுகு முள்ளு கையில தட்டுதே" என்றார். சந்தைத் தராசில் வைத்தோம். அரை வீசை. அதாவது 800 கிராம். அந்த வயதுக்கு ஒரு வீசையாவது இருக்க வேண்டும். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

காது அனலாகக் கொதித்தது. ஆன்டிபயாட்டிக் ஐந்து நாள் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. முதல் டாக்டர் மறுபடியும் பூச்சி என்றார், அடுத்தவர் ஈரல் என்றார். மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் வயிற்றிலிருந்து ஊசியில் நீர் எடுத்தார். வைக்கோல் நிற மஞ்சள், விரலில் தொட்டால் நூலாக இழுத்தது. ஒரு சின்னக் குழாயில் சுத்தமான நீர், அதில் ஒரு சொட்டு வினிகர், அதன் மேல் இந்த நீரில் ஒரு சொட்டு. அது கரையவில்லை. ஜெல்லி மீன் மாதிரி உருக்குலையாமல் மெல்லக் கீழே இறங்கியது. கரைந்திருந்தால் எஃப்ஐபி என்ற நோய் இருக்க வாய்ப்புக் குறைவு, கரையாததால் சந்தேகம் பலம், ஆனால் இது மட்டும் போதாது என்று ரத்தமும் எடுத்தார். ரத்தத்தில் இருக்கும் புரதங்களில் குளோபுலின் ஏறி, ஆல்புமின் இறங்கியிருந்தது.

எஃப்ஐபிதான். அதற்குக் காரணம் பூனைகளுக்கே உரிய கொரோனா வைரஸ், கோவிட் அல்ல. பெரும்பாலான பூனைகளுக்கு வயிற்றுப்போக்கோடு போய்விடும். சிலவற்றின் உடம்புக்குள் அது உருமாறி இப்படி ஆகிவிடுகிறது, குட்டிகளுக்குத்தான் அதிகம். முன்பெல்லாம் இது வந்தால் சாவுதான். 2019-இல் கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்ததில் 25 பிழைத்திருக்கின்றன. அந்த மருந்தைத்தான் பாங்காக்கில் இருக்கும் சித்தப்பா மகன் கொண்டுவந்தான்.

84 நாள், ஒரு நாள் தவறாமல், அதே நேரத்துக்கு. மாத்திரையைப் பொடித்து மீனில் பிசைந்து கொடுப்போம். மூன்றாம் நாள் விடியற்காலை கருவாட்டு டப்பா உருளும் சத்தம். எழுந்து போய் அவள் காதைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வயிறு வற்ற இரண்டு வாரம் ஆனது. வாராவாரம் தராசில் வையுங்கள். எடை கூடக்கூட மருந்தும் கூட வேண்டும், பழைய அளவிலேயே விட்டால் நோய் திரும்பிவிடலாம். முடிக்கும்போது ஒன்றரை வீசை இருந்தாள்.

மோல்மீன்காரன்

படித்ததும் மனசு கனத்துவிட்டது அண்ணே. எங்கள் குட்டிக்கு வயிறு பெருக்கவே இல்லை. கண்மணி கலங்கியது, பின்னங்கால் தள்ளாடியது, எங்கேயோ விழுந்து அடிபட்டதென்றே நினைத்தோம். கடைசி நாளில்தான் டாக்டர் இந்தப் பெயரைச் சொன்னார், நீர் கோக்காமல் வருகிற வகையாம். அதன் தம்பிக்குட்டி இப்போது வீட்டில் இருக்கிறது. அதற்கும் ஒட்டுமா?

ரங்கூன்வாசி

தம்பி, நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சாதாரண வைரஸ் மலம் வழியாகப் பரவும், மண் தட்டைத் தினமும் சுத்தம் பண்ணுங்கள். உருமாறிய நோய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது அபூர்வம். ஆனாலும் இரண்டும் ஒரே ரத்தம், அதனால் எடையையும் கண்ணையும் பார்த்துக்கொண்டே இருங்கள். எங்களிடம் 11 மாத்திரை மிச்சம் இருக்கிறது. காய்ச்சல் கண்டு டாக்டரும் இதுதான் என்றால் உடனே சொல்லுங்கள், அன்று ராத்திரி பஸ்ஸிலேயே கொடுத்துவிடுகிறேன்.